மூன்றாவது தட்டு

"ஆரஞ்சு இருக்கா வண்டியில?" என்று மானா வனத்தின் கேட்டில் நின்ற வனக்காவலர் இரண்டாம் முறையாகக் கேட்டார். "இருந்தா இங்கயே கொடுத்துருங்க. வாசனை பிடிச்சா யானை கதவையே பேத்து எடுத்துரும். போன மாசம்கூட ஒரு காருக்குக் கூரை போச்சு."

எஸ்னாத் சித்தி சொத்தை எழுதிக் கொடுப்பவளைப் போல முகத்தை வைத்துக்கொண்டு பையை நீட்டினாள். காவலர் எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டு. சொந்த ஊர் சின்ஹோயியில் காலை நாலரை மணிக்கு அதைக் கட்டி வைத்தவள் ஷுவாய். கட்டும்போது பதின்மூன்று இருந்தன. பதின்மூன்றாவது சித்தியின் மடியில், இடுப்புத் துணிக்குள் இருந்தது. ஷுவாய் காட்டிக்கொடுக்கவில்லை. அப்பாவுக்கு ஒரு மாதமாக நிமிடத்துக்கு ஒரு தரம் நாக்கு வறண்டுபோகிறது. தண்ணீர் அதிகம் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆரஞ்சுச் சுளை ஒன்றுதான் ஒத்துக்கொள்கிறது.

காவலர் குனிந்து பின் இருக்கையில் இடப்பக்க ஜன்னலோரம் சாய்ந்திருந்த ஷுவாயின் அப்பா ஃபனுவேலைப் பார்த்தார். வீங்கிய கால்கள், மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும் தோள்கள். குரலைத் தணித்துக்கொண்டார்.

"பெரியவரே, நீங்க எந்தக் குலம்?"

"யானை" என்றார் ஃபனுவேல்.

காவலர் சட்டென்று நிமிர்ந்து, உள்ளங்கைகளைக் குழித்துத் தட்டி வணங்கினார். "அப்ப சொந்த வீட்டுக்குத்தான் வந்திருக்கீங்க, சமன்யங்கா."

தந்தமுடையவர் என்று அர்த்தம். யானைக் குலத்து ஆணை மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள். ஷுவாயின் அம்மா கல்யாணமான நாளிலிருந்து கணவனை வேறு பெயர் சொல்லி அழைத்ததில்லை.

ஃபனுவேலும் பதிலுக்குக் கை தட்டினார். இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாக. மாவு மில்லில் நாற்பது வருஷம் நின்று பாதிக் காது போன மனிதர். வாடிக்கையாளர் சொல்வது கேட்காவிட்டாலும் இந்த மூன்று தட்டைத் தட்டிவிடுவார். டக்டக், கொஞ்சம் இடைவெளி, டக். சின்ஹோயி சந்தைப் பிள்ளைகள் அதைத் தட்டிக் காட்டியே அவரைக் கேலி செய்யும்.

இந்தப் பயணமே அவர் கேட்டதுதான். "எழுபத்தோரு வருஷமா ஆளாளுக்கு என்னை யானை யானைன்னு கூப்பிடுறான். நான் ஒரு யானைய பக்கத்துல பாத்ததில்ல" என்றார் ஒரு நாள் கஞ்சி குடித்துக்கொண்டே. மகன் ட்ரைமோர் முடியவே முடியாது என்றான். டாக்டர் மாதக் கணக்கை விட்டு வாரக் கணக்கில் பேச ஆரம்பித்திருந்தார். ஷுவாய்தான் பிடிவாதமாக நின்று அனுமதிச் சீட்டு வாங்கினாள். "வழியில அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான் ஊருக்குப் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுத்தான் ட்ரைமோர் தன் பிக்கப்பின் சாவியை எடுத்தான்.

மானா வனத்துக்குள் முக்கால் மணி நேரம் ஓட்டியும் மான்களும் குரங்குகளும்தான் கண்ணில் பட்டன. அக்டோபர் வெயில் கூரையைப் பிளந்தது. சித்தி அப்பாவைப் பேச வைத்துக்கொண்டே வந்தாள். அக்காள் புருஷனைக் கிண்டல் செய்ய அவளுக்கு உரிமை உண்டு. அதை ஒரு நாளும் வீணாக்கியவள் இல்லை.

"உண்மையச் சொல்லுங்க அத்தான். எந்தக் கல்யாணத்துல திருட்டுத்தனமா யானைக்கறி தின்னீங்க?"

"நானா?"

"பின்ன? சொந்தக் குலத்துக் கறியத் தின்னாத்தானே பல்லு கொட்டும். முன்பல்லு நாலும் எங்க போச்சு?"

"உங்கக்கா கிண்டுன சட்ஸாக் களியில கல்லு" என்றார் அவர்.

முன் இருக்கையிலிருந்து அம்மா திரும்பாமலே சொன்னாள்: "மாவு யாரு அரைச்சது?"

"நாந்தான். அதான் பல்லும் என்னோடது போச்சு. நியாயம்தானே, மாமோயோ?" என்று அம்மாவை அவள் குலப்பெயரால் கூப்பிட்டுக் கேட்டார்.

வண்டியே சிரித்தது. அவர் சிரித்து முடிக்க நேரமானது. சிரிப்புக்கும் மூச்சுதான் வேண்டியிருந்தது. சித்தி மடியிலிருந்து பழத்தை எடுத்துப் பாதி உரித்து, நடுவில் உட்கார்ந்திருந்த ஷுவாயின் வழியாகக் கொடுத்தாள். அவர் ஒரு சுளையைச் சப்பிவிட்டு மீதியை மடியில் வைத்துக்கொண்டார்.

பத்து மணி பத்து நிமிடத்துக்கு ட்ரைமோர் பிரேக்கை மிதித்தான்.

இடப்பக்கம் முள்மரத்தடியில் ஒரு கொம்பன் நின்றிருந்தது. முப்பது அடி தூரம்கூட இல்லை. மரத்தை நெற்றியால் ஒரு முட்டு முட்டியது. காய்கள் சடசடவென்று உதிர்ந்தன. ட்ரைமோர் இன்ஜினை அணைத்தான். பின்னால் போகலாமென்று கண்ணாடியைப் பார்த்தவன் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டான். பின்னால் குட்டிகளோடு ஒரு கூட்டம் பாதையைக் கடந்துகொண்டிருந்தது. கடைசியாக வந்த தாய் யானை பாதை நடுவிலேயே நின்று, காதை விரித்து, வண்டியைப் பார்த்தது.

"யாரும் அசையாதீங்க. சத்தமே கூடாது" என்றான் மூச்சுக் குரலில்.

ஃபனுவேல் முதுகை இருக்கையிலிருந்து பிரித்து நிமிர்ந்தார். கொம்பனைப் பார்த்தார். உள்ளங்கைகளைக் குழித்தார்.

டக்டக்.

ஷுவாய் யானையைப் பார்த்தபடியே காத்திருந்தாள். கொம்பன் மரத்தை விட்டு இந்தப் பக்கம் திரும்பியது. அப்பாவின் தோள் மெல்ல அவள் தோளில் வந்து சாய்ந்தது. களைத்துவிட்டார் என்று நினைத்தாள். அந்தத் தோள் ஏறவில்லை. இறங்கவுமில்லை.

அவள் கழுத்தைத் திருப்பினாள். கண்கள் ஜன்னலைப் பார்த்துத் திறந்திருந்தன. ஒரு கை மடியில் பழத்தின் மேல் விழுந்திருந்தது. புறங்கையை அவர் மூக்கருகே கொண்டுபோனாள். பத்து எண்ணினாள். இன்னும் பத்து. கழுத்தோரம் விரலை வைத்து, தன் நாடி துடிப்பதை அவருடையது என்று ஒரு கணம் நம்பினாள்.

அவளுக்கு அலறல் தொண்டை வரை வந்துவிட்டது. வந்தே ஆகவேண்டியது அது. உயிர் போன நொடியில் வீட்டுப் பெண்கள் வாய்விட்டு அலற வேண்டும். அலறாத வீட்டை ஊர் வருஷக்கணக்கில் பேசும். வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் எஸ்னாத் சித்தியின் அலறல் மூன்று தெருவுக்குக் கேட்கும். பின்னால் குட்டிகளோடு தாய் யானை. பக்கத்தில் கொம்பன். ஷுவாய் பல்லைக் கடித்தாள். யாரும் பார்க்கக் கூடாது. தோளைக் கொடுத்து அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

கொம்பன் நடக்க ஆரம்பித்தது.

"கண்ணாடிய ஏத்து" என்றான் ட்ரைமோர் உதட்டை அசைக்காமல். ஏற்ற வேண்டுமென்றால் அப்பாவைத் தாண்டிக் கையை நீட்ட வேண்டும். அவரை விட வேண்டும். அவள் கையை நான்கு விரற்கடை நகர்த்தியதுமே யானையின் காதுகள் விரிந்தன. நிறுத்திவிட்டாள்.

"அப்பா தூங்குறாரா?" ட்ரைமோர் நடுக்கண்ணாடியில் பார்க்க முயன்றான். "எழுப்புடி. இதுக்குத்தானே வந்தோம்!"

"பாத்துட்டுத்தான் இருக்காரு."

"அத்தான் பேச்சு மூச்சில்லாம இருக்காரே" என்று சித்தி கிசுகிசுத்தாள். "பயந்துட்டாரா? சொந்தக்காரனப் பாத்தா பயமா?"

ஷுவாய் சிரித்தாள். எப்படிச் சிரித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜன்னல் முழுதும் சாம்பல் நிறமானது. சுருக்கம் விழுந்த தோல், காய்ந்த சேறு, அதற்கு நடுவே இமை முடி நீண்ட ஒரு கண். துதிக்கை முதலில் கதவைத் தடவியது. பிறகு உள்ளே வந்தது. வண்டி முழுக்க ஆரஞ்சு வாசனைதான் இருந்தது என்பது ஷுவாய்க்கு அப்போதுதான் உறைத்தது. சித்தி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

துதிக்கை அப்பாவின் சட்டைக் கையில் பட்டு நின்றது. உள்ளிழுத்தது. ஈரமான, சூடான மூச்சு ஷுவாயின் முழங்கால் வரை வந்தது. மெல்ல மேலேறி அவர் மார்பு, கழுத்து, தாடை. அங்கே நெடுநேரம் நின்றது. இவ்வளவு பக்கத்தில் வந்து இவருக்கு என்ன ஆயிற்று என்று இதற்குத் தெரியாமல் இருக்காது என்று ஷுவாய் நினைத்தாள். தெரிந்தால் என்ன செய்யும்? அவரை இழுக்குமா? இழுத்தால் தான் விட்டுவிட வேண்டுமா?

அப்போது அம்மா பேசினாள். தலையைத் திருப்பவில்லை. முன் கண்ணாடியைப் பார்த்தபடி, சாப்பாடு பரிமாறும்போது பேசும் அதே குரலில்.

"சமன்யங்கா. உங்க ஆளைத்தான் கூட்டிட்டு வந்திருக்கோம். வேற ஒண்ணும் இல்ல. பழத்த எடுத்துட்டு வழி விடுங்க. நாங்க வீட்டுக்குப் போகணும்."

அம்மா எந்த சமன்யங்காவிடம் பேசுகிறாள் என்று ஷுவாய்க்கு ஒரு கணம் புரியவில்லை.

துதிக்கை இறங்கியது. நுனியின் இரண்டு விரல்களும் மடியில் துழாவி, அப்பாவின் கையைத் தூக்கி, அடியிலிருந்த பழத்தைப் பற்றி எடுத்தன. கை மறுபடி மடியில் விழுந்தது. உள்ளங்கை மேலே பார்த்தபடி, குழிந்தபடியே. ஜன்னலில் வெளிச்சம் வந்தது. கொம்பன் வண்டியின் முன்னால் சாவகாசமாகப் பாதையைக் கடந்தது. பின்னாலிருந்த தாய் யானையும் கடைசிக் குட்டியைத் தள்ளிக்கொண்டு புதருக்குள் இறங்கியது.

"போயிட்டாரா?" என்று கேட்டாள் அம்மா.

"போயிட்டாரும்மா."

ட்ரைமோர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து மூச்சுவிட்டான். பிறகு முகம் முழுக்கச் சிரிப்போடு திரும்பினான். "அப்பா, பாத்தீங்களா? எவ்வளவு பக்கத்துல! உங்களையே தொட்டுட்டான்!"

"அப்பாவக் கேக்காதே, ட்ரைமோர்" என்றாள் அம்மா. "மூணாவது தட்டு வரல."

அவன் சிரிப்பு முகத்திலேயே தங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண்கள் ஷுவாயிடம் வந்தன. "நீ..." என்று ஆரம்பித்தான்.

ஷுவாய் அவனைப் பார்க்கவில்லை. முன் இருக்கைக்கும் கதவுக்கும் இடையிலிருந்த இடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் வழியே அம்மாவின் இடக்கை பின்னால் நீண்டிருந்தது. அது அப்பாவின் வீங்கிய கணுக்காலைப் பிடித்திருந்தது. எப்போதிலிருந்து பிடித்திருக்கிறாள் என்று தெரியவில்லை. விரல்கள் அழுந்திய இடம் குழி குழியாக இருந்தது.

"அவள ஒண்ணும் சொல்லாதே" என்றாள் அம்மா. "அவர் கேட்டாரு. பாத்தாரு."

எஸ்னாத் சித்தியின் வாய் திறந்தது. அம்மா வலக்கையை உயர்த்தினாள். "எஸ்னாத், இங்க வேண்டாம். குட்டிங்க இன்னும் தூரம் போகல. கேட்டைத் தாண்டட்டும்." சித்தி இடுப்புத் துணியின் முனையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

ட்ரைமோர் கைக்குட்டையை எடுத்து, சட்டைக் கையிலிருந்த சேற்று ஈரத்தைத் துடைக்கக் குனிந்தான்.

"இருக்கட்டும்" என்றாள் அம்மா.

ட்ரைமோர் வண்டியைத் திருப்பினான். ஷுவாய் அப்பாவை அணைத்துப் பிடித்துக்கொண்டு, அந்த ஈர வட்டம் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் காய்வதைப் பார்த்தபடி வந்தாள். கேட்டை அடைந்தபோது அது ஒரு காசளவு மிஞ்சியிருந்தது.

காவலர் தடுப்புக் கம்பின் கயிற்றை இடுப்பில் செருகிக்கொண்டு, சிரித்தபடி கை தட்டினார். "பாத்தீங்களா சமன்யங்கா, உங்க ஆளுங்கள?"

ட்ரைமோர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். காவலர் பதிலுக்காகக் காத்திருந்தார்.

அம்மா கணுக்காலை விட்டுக் கையை முன்னால் கொண்டுவந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் குழித்து ஒரே ஒரு முறை தட்டினாள். நிதானமாக.

கம்பு உயர்ந்தது. வண்டி தார்ச்சாலையில் ஏறியது. பின்னால் கம்பு இறங்கும் சத்தம் கேட்டதும் சித்தி வாயிலிருந்து துணியை எடுத்தாள்.