கடைசியாகச் சேர்ந்தவன்

தேசப்பன் லாரி கம்பெனியில் புதிதாகச் சேருகிற டிரைவருக்கு முதல் நாளே ஒரு மரியாதை நடக்கும். திருத்தணி மலையடிவாரத்தில் ஷெட்டுக்கு முன்னால் லாரியை நிறுத்தி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டுவார்கள். பிறகு புது ஆள் கையில் ஹேண்டிலைக் கொடுத்து, "முருகன் பேரைச் சொல்லிகினு ஸ்டார்ட் பண்ணு" என்பார்கள். அவன் குனிந்து லாரியின் மூக்கில் ஹேண்டிலைச் செருகிச் சுற்றுவான். அந்த நேரம் பார்த்து, சீட்டில் இருப்பவன் ஸ்டியரிங்குக்கு அடியில் உள்ள ஸ்பார்க் லீவரைத் தள்ளுவான். லீவர் மேலே இருந்தால் இன்ஜின் சாதுவாகப் பற்றிக்கொள்ளும். கீழே இறங்கிவிட்டால் ஹேண்டில் எதிர்ப்பக்கமாகத் திரும்பி உதைக்கும். மாடு உதைப்பதெல்லாம் இதற்கு முன்னால் தட்டிக்கொடுப்பது மாதிரி. புது ஆள் கையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் புரளுவான். எல்லோரும் சிரிப்பார்கள். முதலாளி தேசப்பன் நெற்றி நிறைய விபூதியோடு வந்து, "இனிமே நீ நம்ம வூட்டுப் புள்ளடா" என்று முதுகைத் தட்டுவார். நல்ல வீடு, நல்ல பிள்ளை.

லீவரைத் தள்ளுவது யார் என்பதற்கும் முறை வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் கடைசியாகச் சேர்ந்தவன்தான் தள்ள வேண்டும். உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் துரைக்கண்ணு வேலைக்கு வந்தபோது, அந்த முறை முனியனுடையதாக இருந்தது.

முனியன் மணவூர்ப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பம். நிலத்துக்காரர் எதிரே வந்தால் வரப்பிலிருந்து சேற்றில் இறங்கி நிற்க வேண்டிய பிறப்பு. அவன் எப்படியோ லாரி கழுவி, லாரி பழகி, லைசென்ஸ் வாங்கிவிட்டான். இப்போது அவன் ஹாரன் அடித்தால் அதே நிலத்துக்காரரின் வண்டி ஓரம் கட்டி நிற்கிறது. அவனுக்கு அது சோற்றைவிடப் பெரிய ருசி. லைசென்ஸை எண்ணெய்த் துணியில் சுற்றி அரைஞாணில் கட்டியிருந்தான். தூங்கும்போதும் அவிழ்ப்பதில்லை. அவன் பெண்சாதி ரத்தினம்மாளே அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

ஆனால் கடைசியாகச் சேர்ந்தவனுக்கு இன்னொரு மரியாதையும் இருந்தது. கம்பெனி லாரி யாரையாவது அடித்துவிட்டால், ஓட்டியது யாராக இருந்தாலும், கேஸுக்குப் போய் நிற்க வேண்டியவன் அவன்தான். உள்ளே இருக்கிற வரை குடும்பத்தைப் பார்த்துக்கொள்வதாகவும், வெளியே வந்தால் டிரைவர் சீட்டு காத்திருக்கும் என்றும் தேசப்பன் சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்வார். கங்காதரன் என்றொருவன் அப்படிப் போனான். திரும்பி வந்தபோது லைசென்ஸ் ரத்து, சீட்டும் இல்லை. இப்போது அரக்கோணம் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறான். முனியன் அங்கே நூல் பேல் கட்டு ஏற்றப் போகும்போதெல்லாம் கங்காதரன் குனிந்த முதுகோடு லாரியைத் தொட்டுப் பார்ப்பான். முனியன் பார்க்காதவன் போலக் கட்டுகளை எண்ணுவான். எவனாவது புதிதாக வந்து சேரமாட்டானா என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

துரைக்கண்ணு வந்தான். பர்மா எல்லையில் பட்டாள லாரி ஓட்டியவன். காக்கிச் சட்டை, வெட்டிய மீசை, அளந்து பேசுகிற வாய். ஹேண்டிலை வாங்கியதும் நேராகச் சீட்டுப் பக்கம் போய் லீவர் மேலே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முன்பக்கம் வந்தான். கட்டை விரலை மடக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்து வைத்து ஹேண்டிலைப் பிடித்தான். அப்படிப் பிடித்தால் உதைக்கிறபோது கை நழுவி வந்துவிடும். தொழில் தெரிந்தவன்.

சீட்டில் இருந்த முனியன் லீவர்மேல் கை வைத்தான். அவன் சேர்ந்தபோது லீவர் தள்ளியவன் இரக்கப்பட்டுப் பாதிதான் தள்ளினான். முனியனின் கட்டை விரல் பிசகியதோடு போயிற்று. ஆனால் மேஸ்திரி பஞ்சாட்சரம் அப்படித் தள்ளியவனைத் தூணில் கட்டி ஃபேன் பெல்ட்டால் விளாசினான். முதுகுத் தோல் சட்டையோடு ஒட்டிக்கொண்டது. மறுநாளே அவன் ஊரைவிட்டு ஓடினான். பஞ்சாட்சரம் தேசப்பனின் அக்காவைக் கட்டியவன். அவனைக் கேட்க ஆள் கிடையாது. இப்போதும் அதே பெல்ட்டைத் தோளில் துண்டு மாதிரி போட்டுக்கொண்டு முனியனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

துரைக்கண்ணு மூச்சை இழுத்துச் சுற்றினான். முனியன் லீவரைக் கடைசி வரை இறக்கினான்.

கட்டை ஒடிகிற சத்தம் கேட்டது. ஹேண்டில் கையை விட்டு வந்து முன்கையிலேயே அடித்திருந்தது. எலும்பு தோலுக்குள் கூரை மூங்கில் போலத் தூக்கி நின்றது. துரைக்கண்ணு கத்தவில்லை. மண்ணில் உட்கார்ந்து, தலையைத் தூக்கிச் சீட்டில் இருந்தவனைப் பார்த்தான். சிரிக்கத் தயாராக இருந்தவர்கள்கூடச் சிரிக்கவில்லை.

"இன்னாடா இது, இந்தத் தள்ளு தள்ளிட்ட" என்றான் பஞ்சாட்சரம். திட்டுகிற குரல் இல்லை, மெச்சுகிற குரல்.

முனியன்தான் அவனை ரயிலேற்றி, எலும்பு வைத்தியத்துக்குப் பேர்போன புத்தூருக்குக் கூட்டிப் போனான். அங்கே எலும்பை இழுத்துச் சேர்த்து, பச்சிலை அரைத்துப் பூசி, முட்டை தடவி, மூங்கில் தப்பை வைத்து முழங்கை வரை கட்டினார்கள். இழுக்கும்போது துரைக்கண்ணு கடித்த துணி கிழிந்தது. ரயிலில் திரும்பி வரும்போது முனியன் அவனுக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தான். அவன் வாங்கவில்லை.

"நானா பண்ணல துரைக்கண்ணு. கம்பெனி வழக்கம் அப்பிடி."

"ஆங்" என்றான் துரைக்கண்ணு. "வழக்கம்தான்."

முனியனுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. ஆனாலும் அன்று வீட்டுக்குப் போய் ரத்தினம்மாளிடம், "இனிமே நான் கடைசி ஆள் இல்ல" என்று சொல்லி வயிறு முட்டச் சாப்பிட்டான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒரு நாள் விடிகாலையில் பஞ்சாட்சரம் சாராய நெடியோடு பள்ளிப்பட்டிலிருந்து லாரியை ஓட்டி வந்தான். அங்கே நெசவாளர்கள் வெயில் ஏறுமுன் தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்ப்பார்கள். வண்டிக்காரர்கள் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவது வழக்கம். பஞ்சாட்சரம் சுற்றவில்லை. பாவு நூலை அறுத்துக்கொண்டு உள்ளே புகுந்தான். கோடியில் பாவைப் பிடித்திருந்த மனிதர் நூலை விட்டிருந்தால் பிழைத்திருப்பார். ஒரு மாத உழைப்பை யார் விடுவார்கள். நூல் அவரைச் சக்கரத்துக்குள் இழுத்துக்கொண்டது.

லாரி ஷெட்டுக்கு வந்தபோது முன் அச்சு முழுக்கச் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. எது சாயம், எது ரத்தம் என்று தெரியவில்லை. அதில் ஒரு கை விரலும் சிக்கியிருந்தது. முனியன் மூலையில் போய் வாந்தி எடுத்தான்.

தேசப்பன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வந்தார். லாரி யாருடையது என்று நெசவாளர்கள் சொல்லிவிட்டார்கள். ஓட்டியவனை மட்டும் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. மத்தியானத்துக்குள் லாரியோடு டிரைவர் வந்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்று பேச்சு.

"மிலிட்டரி எங்க?" என்றார்.

துரைக்கண்ணு ஷெட்டில்தான் கட்டோடு படுத்திருந்தான். விஷயத்தைச் சொன்னார்கள். அவன் எழுந்து நின்றான்.

"நான் ஓட்டல மொதலாளி. ஓட்டாத வண்டிக்கு நான் போயி நிக்கமாட்டேன்."

பஞ்சாட்சரம் பெல்ட்டை எடுத்தான். முதல் அடி முகத்தில் விழுந்து உதடு பிளந்தது. அடுத்தடுத்த அடிகள் கழுத்திலும் காதிலும் விழுந்தன. துரைக்கண்ணு இடது கையாலேயே பெல்ட்டைப் பிடித்து இழுத்து, தலையால் மேஸ்திரியின் மூக்கில் முட்டினான். மூக்கு உடைந்து ரத்தம் மீசையில் வழிந்தது. பஞ்சாட்சரம் ஜாக்கிக் கம்பியை எடுத்து அவன் முட்டியில் போட்டான். அவன் விழுந்தான். பிறகு செருப்புக் காலால் விலாவில் உதைத்தான், மூச்சு வாங்குகிற வரை உதைத்தான்.

"பாவா, கொன்னுடாத" என்றார் தேசப்பன் அக்கா புருஷனிடம். "அவன் வேணும் நமக்கு. கைக்கட்டை அவிழுங்க. கட்டோட போயி நின்னா எவன் நம்புவான்?"

யாரும் அசையவில்லை. முனியன் போனான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை, தானாகவே போனான். துரைக்கண்ணு போகாவிட்டால் கேஸுக்குத் தன்னைத்தான் அனுப்புவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். துரைக்கண்ணுவின் மார்பில் முழங்காலை ஊன்றி, நூல் அறுக்க வைத்திருந்த கத்தியால் கட்டை அறுத்தான். தப்பைகளைப் பிடுங்கினான். காய்ந்த பச்சிலை தோலோடு உரிந்து வந்தது. இப்போது துரைக்கண்ணு கத்தினான். மலைப்படி ஏறிக்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினான்.

கை வெளியே வந்தது. தொடை அளவுக்கு வீங்கி, கருநீலமாக, முழங்கை வரை பச்சை ஏறிப்போயிருந்தது. கூடாத எலும்பு நடுவில் வளைந்து தொங்கியது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள், பச்சை போகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடி என்று கையைத் தூக்கி வைத்தார்கள். கை வழுக்கி விழுந்தது.

தேசப்பன் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சலித்துப்போய்த் துண்டை உதறினார்.

"இத்தக் காட்டினா இன்ஸ்பெக்டர் என் மூஞ்சிலயே துப்புவாரு. கட்டோட இவன ஊரே பார்த்திருக்குது. எவன்டா இப்பிடி ஒடைக்கச் சொன்னது?"

எல்லோரும் முனியனைப் பார்த்தார்கள்.

அவன் கையில் கத்தி இன்னும் இருந்தது. ஒடித்ததும் அவன், ஒடிந்ததை அவிழ்த்துக் காட்டியதும் அவன். பாதி தள்ளியிருந்தால் வெறும் பிசகு, இந்நேரம் ஆறியிருக்கும், துரைக்கண்ணு கேஸுக்குப் போயிருப்பான். முனியனுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

"மொதலாளி, என் லைசென்ஸு" என்றான்.

"லைசென்ஸு எங்க போவுது? நான் பார்த்துக்கிறேன்டா. நீ நம்ம வூட்டுப் புள்ள." தேசப்பன் விபூதிப் பையை எடுக்க உள்ளே போனார்.

பஞ்சாட்சரம் உடைந்த மூக்கைத் துணியால் அழுத்திக்கொண்டு பேசினான். "வண்டிய நீயே ஓட்டிகினு போயி நிக்கணும். ஹேண்டில் போடு. டேய் மிலிட்டரி, சும்மா கெடக்காத. ஏறி லீவரைப் பார்த்துக்கோ. இடது கை இருக்குதில்ல." அவன் மூக்கைக் கழுவத் தொட்டிப் பக்கம் போனான்.

துரைக்கண்ணு எழுந்து, ஒடிந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு, கதவைப் பிடித்து நொண்டி நொண்டிச் சீட்டில் ஏறினான். முனியன் ஓடிப்போய் அவன் காலைப் பிடித்தான். கொஞ்சம் முன்னால் முழங்காலை ஊன்றிய அதே மார்பைப் பார்த்துப் பேசினான்.

"துரைக்கண்ணு, உன்னக் கும்பிடறேன். லீவரைக் கீழ தள்ளு. நான் பண்ணாப்பல கடைசி வரைக்கும் தள்ளு. என் கை ஒடிஞ்சிட்டா என்ன அனுப்ப முடியாது. உனக்கும் மனசு ஆறும்."

துரைக்கண்ணு உதட்டு ரத்தத்தை இடது தோளில் துடைத்துக்கொண்டான். இடது கை லீவருக்குப் போவதை முனியன் கண்ணால் பார்த்தான். அது போதும் என்று முன்பக்கம் ஓடினான்.

ஹேண்டிலைச் செருகினான். நழுவிவிடக் கூடாது என்று கட்டை விரலை மடக்கி இறுக்கிப் பிடித்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெரிந்தே, ஒரு டிரைவர் பிடிக்கவே கூடாத மாதிரி பிடித்தான். அடி விழப்போகிற இடத்தில் முன்கையைக் குறுக்கே வைத்தான். கண்ணை மூடினான். முருகா, ஒடியட்டும் என்று வேண்டிக்கொண்டு, உடம்பின் முழுப் பலத்தோடு சுற்றினான்.

ஒரே சுற்று. இன்ஜின் பற்றிக்கொண்டது. ஒரு உலுக்கல் இல்லை, ஒரு இருமல் இல்லை. அந்தப் பழைய லாரி அத்தனை வருஷத்தில் அவ்வளவு சுகமாக ஸ்டார்ட் ஆனதே கிடையாது.

முனியன் கண்ணைத் திறந்தான். கை முழுசாக இருந்தது. ஹேண்டிலை உருவிக்கொண்டு சீட்டுப் பக்கம் வந்தான். துரைக்கண்ணு மெல்ல இறங்கி அவனுக்கு இடம் விட்டான்.

"ஏன் தள்ளல?" என்றான் முனியன்.

"ஹேண்டில் போடறவன் கைய ஒடைக்கறது எனக்குப் பழக்கம் இல்லண்ணா" என்றான் துரைக்கண்ணு. "ஏறு. வண்டி ரெடியா இருக்குது."

அவன் ஒரு அறை விட்டிருந்தால்கூட முனியன் தாங்கியிருப்பான். தேசப்பன் வந்து அவன் நெற்றியில் விபூதி பூசினார். பஞ்சாட்சரம் கதவைச் சாத்தினான். லீவர் ஒழுங்காக மேலே இருந்தது. முனியன் தன் ஒடியாத கையால் அரைஞாணிலிருந்து லைசென்ஸ் சுற்றிய எண்ணெய்த் துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டேஷனுக்கு லாரியை எடுத்தான்.