எல்லோரும் வாலான ஞாயிற்றுக்கிழமை

என் சம்பந்தி ஒரு கழிப்பறைச் சக்கரவர்த்தி. ஊரில் பாதிப் பேர் காலையில் உட்கார்ந்து யோசிப்பது அவர் கடையில் வாங்கிய பீங்கான் மேல்தான். மீதிப் பேர் அவரைப் பற்றி யோசிப்பதே இல்லை என்பது அவருக்குத் தீராத குறை. பெண்ணைக் கொடுத்த இடம் என்பதால் அவரிடம் எனக்கு அளவு கடந்த மரியாதை. அந்த மரியாதையை அடக்கி அடக்கி வைத்துத்தான் எனக்கு ரத்த அழுத்தமே வந்தது.

அவரும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் போகும் ஒரு கூட்டத்தில் இருக்கிறோம். காலையில் பெட்ரோல் பங்க்கில் கூடுவது, அணைக்கட்டோ மலையடிவாரமோ போய் டீ குடிப்பது, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பித் திட்டு வாங்குவது. சம்பந்தி எப்போதும் முதல் வண்டி. நான் எப்போதும் கடைசி வண்டி. வேலையில் இருந்த காலமெல்லாம் சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் கார்டாக உட்கார்ந்து உலகத்தைப் பின்பக்கமாகவே பார்த்தவன் நான். எதிரே என்ன வருகிறது என்று தெரிந்தால் எனக்குத் தலை சுற்றும்.

கூட்டத்தில் ஒரு விதி உண்டு. சாலை பிரியும் இடத்தில் முதல் வண்டிக்காரர் தனக்கு அடுத்து வருபவரை நிறுத்திவிட்டுப் போவார். நின்றவர் பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் கை காட்டி, கடைசி வண்டி கடந்த பிறகுதான் நகர வேண்டும். ஆள் நிற்காத பிரிவில் நேராகப் போக வேண்டும். அவ்வளவுதான், தொட்டில் பிள்ளைக்கும் புரியும். கடைசி வண்டி எது என்று எப்படித் தெரியும்? கூட்டத்திலேயே ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டவன் நான் ஒருவன்தான். ஹெல்மெட்டுக்குள் போய்விட்டால் எல்லா மூஞ்சியும் ஒரே மூஞ்சி. ஆரஞ்சு தெரிந்தால் ஊர்வலம் முடிந்தது என்று அர்த்தம். சாதாரண ஆரஞ்சு இல்லை. அதைப் பார்த்துச் சூரியனே கூச்சப்பட்டு மேகத்துக்குள் போனதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் சம்பந்தி பாதுகாப்பு என்ற கட்டையைப் போட்டார்.

அன்று காலை பங்க்கில் அவர் ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு வந்து நின்றார். உள்ளே எல்லோருக்கும் புத்தம் புது மேல்சட்டை. எல்லாம் ஆரஞ்சு. முதுகில் ஒரு மேற்கத்திய கழிப்பறை, மூடி திறந்த கோலத்தில். கீழே கடையின் பெயரும் போன் நம்பரும். பளபளவென்று இருந்தால் லாரிக்காரன் கண்ணில் படும், எல்லோருக்கும் பாதுகாப்பு என்று ஒரு சொற்பொழிவு வேறு. என் பழைய சட்டை வெளுத்துவிட்டதாம். அதைக் கழற்றி வண்டி துடைக்க வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ரயிலில் கடைசிப் பெட்டிக்கு மட்டும்தான் இதுதான் கடைசி என்று காட்டும் பலகையை மாட்டுவோம், அதைப் பார்த்துத்தான் முழு ரயிலும் வந்துவிட்டது என்று ஸ்டேஷனில் நம்புவார்கள், எல்லாப் பெட்டிக்கும் மாட்டினால் அடுத்த ரயில் வந்து முதுகில் ஏறும் என்று நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். சம்பந்தி என் தோளில் தட்டினார்.

“தலை இருக்க வால் ஆடக் கூடாது சம்பந்தி.”

கூட்டம் சிரித்தது. பல் டாக்டர்தான் அதிகம் சிரித்தார். வாயில் இருப்பதெல்லாம் சொந்தப் பல் என்று காட்டுவதற்காகவே சிரிக்கிறவர் அவர். என் காதிலிருந்து வந்த புகையில் பங்க்கே தீப்பிடித்திருக்கும். ஆனால் என் மகளும் அங்கே நின்றாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துச் சொந்தச் சம்பளத்தில் வண்டி வாங்கி, அந்த மாதம்தான் எங்களோடு வர ஆரம்பித்திருந்தாள். மாப்பிள்ளைக்கு இரண்டு சக்கரத்தைக் கண்டாலே மயக்கம், அவர் வருவதில்லை. அவள் கண்ணாலேயே “விடுங்கப்பா” என்றாள். மகள் வாழும் வீட்டுத் தலைவரைத் திட்டுவது உரலில் தலையைக் கொடுக்கிற காரியம். தன் தலை என்றாலும் பரவாயில்லை, பெண்ணின் தலை. கழிப்பறையை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பாதி வழியில், எங்களோடு வந்த பேக்கரிக்காரரின் பின் சக்கரத்தில் ஆணி ஏறியது. கடைசி ஆள் யாரையும் விட்டுப் போகக் கூடாது, நானும் நின்றேன். அவர் ரொட்டி மாவு பிசைகிற மாதிரி டயரைப் பிசைந்து, அதற்குத் தைலம் தவிர எல்லாம் தடவி, ஒரு வழியாகக் காற்று நிற்க வைத்தார். அதற்குள் மற்றவர்கள் எங்கோ போய்விட்டார்கள். கவலைப்படவில்லை. அதற்காகத்தானே பிரிவுகளில் ஆள் நிற்பது.

பழைய எடைமேடை பக்கத்தில் முதல் பிரிவு. யாரும் இல்லை. ஒரு நாய் மட்டும் உட்கார்ந்திருந்தது. அதுவும் கை காட்டவில்லை. ஆள் இல்லாவிட்டால் நேராகப் போ என்பது விதி. நாங்கள் நேராக வாய்க்கால் சாலையைப் பிடித்தோம். சுற்று வழிதான் என்றாலும் அதுவும் அணைக்குத்தான் போய்ச் சேர்கிறது. போகப் போக எனக்குள் ஏதோ இடித்தது. சம்பந்தி கல்குவாரி வழியாகப் போவதாகத்தானே சொல்லியிருந்தார்?

அணைக்கு எதிரே டீக்கடையில் நாங்கள் போய் நின்றபோது போட்டோ படலம் நடந்துகொண்டிருந்தது. எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, ஹெல்மெட்டோடு, கேமராவுக்கு முதுகைக் காட்டச் சொல்லியிருந்தார் சம்பந்தி. வரிசையாகக் கழிப்பறைகள், பின்னால் அணை. தண்ணீர் வசதியோடு.

“வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் வெயிட்டிங். ஓரமா நில்லுங்க” என்றார்.

நான் முதுகுகளைப் பார்த்தேன். பிறகு ஒவ்வொருவராகத் திருப்பி முகத்தைப் பார்த்தேன். என் மகள் இல்லை.

உங்களோடுதானே வந்திருப்பாள் என்றார் சம்பந்தி. நாங்கள் அந்த வழியிலேயே வரவில்லை என்றேன். பல் டாக்டரின் சிரிப்பு அப்போதுதான் உள்ளே போனது. எடைமேடைப் பிரிவில் நின்றவர் அவர். பெரிய வயிற்றோடு ஓர் ஆரஞ்சு போனதைப் பார்த்து நான்தான் என்று முடிவு கட்டிக் கிளம்பிவிட்டாராம். போனது எங்கள் கூட்டத்துத் தையல்காரர். பல்லை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கப் படித்தவர் வயிற்றை வைத்து முடிவெடுத்தால் இப்படித்தான் ஆகும். அடுத்த பிரிவான குவாரி வளைவில் என் மகள் நின்றிருக்கிறாள். அப்பா எங்கே என்று கேட்டிருக்கிறாள். முன்னால் போய்விட்டார் என்று இவர் சொல்லியிருக்கிறார். எங்கப்பா முன்னால் போகிற ஆளே இல்லை என்று சொல்லி அவள் அங்கேயே நின்றுவிட்டாளாம்.

போன் போட்டேன். குவாரிப் பள்ளத்தில் சிக்னல் கிடையாது.

அப்போது சம்பந்தி ஒன்று சொன்னார். இன்றைக்கும் அதை நினைத்தால் என் கையில் இருக்கும் டீ தானாகக் கொதிக்கும்.

“அப்ப அங்கதான் நிப்பா. எங்க போயிடப் போறா? ஒரே ஒரு போட்டோ, எடுத்துட்டுப் போயிடலாம்.”

அந்த வளைவு எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஜல்லி லாரிகள் அங்கே சாலையில் வருவதில்லை. சாலையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வரும். எதிரே வருகிறவன் தெரியாது. ஓரம் என்று இருப்பது ஒரு முறம் அகலம். அங்கே என் பெண் ஒற்றை ஆளாக நிற்கிறாள். இவருக்குப் போட்டோ வேண்டும். வாயைத் திறந்தால் ஏழு தலைமுறைக்கும் சேர்த்துச் சம்பந்தம் அறுந்துவிடும் என்று தெரிந்ததால் திறக்கவில்லை. வண்டியைத் திருப்பினேன். ஆத்திரத்தில் வண்டி ஓட்டக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். அதனால் வண்டியை ஒழுங்கான வேகத்தில் விட்டு, பற்களை மட்டும் அரைத்துக்கொண்டு போனேன். அணையிலிருந்து குவாரி வரை அரைத்ததில் கடைவாய்ப் பல் ஒன்று தேய்ந்தே போனது. அந்தப் பல் டாக்டரிடம் காட்ட மாட்டேன்.

வளைவில் முதலில் தெரிந்தது அவள் வண்டிதான். பள்ளத்தில் படுத்துக் கிடந்தது. இடது பக்கக் கண்ணாடி நொறுங்கிச் சாலையெல்லாம் மினுங்கியது. ஆளைக் காணோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி சாலை நடுவிலேயே நின்று பள்ளத்தை எட்டி எட்டிப் பார்த்தேன்.

“அப்பா, அங்க நிக்காதீங்க. லாரி வருது. மேல ஏறுங்க.”

குரல் தலைக்கு மேலிருந்து வந்தது. சாலையோரப் பாறை மேல் நின்றாள். உச்சி முதல் கால் வரை கல் தூசி. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி. கண் மட்டும்தான் கறுப்பு. நான் ஏறி அவள் கையைப் பிடித்தேன். கீழே ஒரு லாரி நான் நின்ற இடத்தைத் துடைத்துக்கொண்டு போனது.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் நின்றிருக்கிறாள். முதல் லாரி உரசுகிற மாதிரி போனதும் இது சரிப்படாது என்று பாறை மேல் ஏறிக்கொண்டாள். அடுத்தது வண்டியைத் தட்டிவிட்டு நிற்காமலே போயிருக்கிறது. இவ்வளவு ஆன பிறகாவது கிளம்பி வந்திருக்கலாமே என்று நான் கத்தினேன். கோபம் யார் மேலோ, விழுவது யார் மேலோ.

அவளும் கத்தினாள்.

“நான் போயிட்டா நீங்க வந்து என்ன பண்ணுவீங்க? ஆள் இல்லன்னா நேரா போவீங்க. நேரா என்ன இருக்கு பாருங்க.”

பார்த்தேன். நேராகப் போகும் தடம் குவாரிக்குள் இறங்கியது. வாயிலில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. வெடி வைக்கும் நாள். அவள் சொல்லி முடிப்பதற்கும் உள்ளே மலை ஒரு முறை தும்முவதற்கும் சரியாக இருந்தது.

நான் கைக்குட்டையை எடுத்து அவள் முகத்துத் தூசியைத் துடைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சம்பந்தி தன் பெரிய வண்டியில் வந்து இறங்கினார். அந்த வண்டியைத் துடைக்கவே தனியாக ஓர் ஆள். வேறு யாரும் தொட முடியாது. பள்ளத்தில் கிடந்த வண்டியைப் பார்த்ததும் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிவிட்டது. சமாளித்துக்கொண்டு, பயந்துவிட்டாயா அம்மா என்று சிரிக்கப் பார்த்தார்.

மாமா என்று அழைப்பதற்கு மேல் ஒரு வார்த்தை குரல் உயர்த்தாத பெண் அது.

“பயப்படல மாமா. கோபமா இருக்கேன். நகராதன்னு நிறுத்திட்டுப் போனீங்க, நகரல. ஒவ்வொரு ஆரஞ்சு வரும்போதும் அப்பா வந்துட்டார்னு ரோட்டுல இறங்குனேன். ஒவ்வொரு தடவையும் முதுகுல கக்கூஸ்தான் போச்சு.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“இருங்க, முடிக்கல. கடைசி ஆள் யாருன்னு தெரியாத கூட்டத்துல என்னைய ஏன் மாமா நிறுத்துனீங்க? சட்டையக் கழட்டுங்க.”

கழற்றினார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதர் வாழ்நாளில் பிறர் சொல்லிக் கழற்றிய முதல் பொருள் அதுதான். பள்ளத்தில் கிடந்த வண்டியைத் தூக்கி நிறுத்தி, டீக்கடைக்குத் திரும்பியதும் எல்லோருடைய சட்டையும் கழன்றது; பல் டாக்டர் தானாகவே முதலில் கழற்றினார். அட்டைப் பெட்டி நிரம்பியது. என் சீட்டுக்கு அடியில் துடைக்கும் துணியாகக் கிடந்த பழைய ஆரஞ்சை என் மகள் உருவி எடுத்தாள். எனக்குத்தான் தரப் போகிறாள் என்று கை நீட்டினேன். அவள் அதை மாமனாரிடம் நீட்டினாள். திரும்பும்போது அவர்தான் கடைசி. அவருடைய பெரிய வண்டியில் அவள் முதலில். கண்ணாடி போன வண்டி அவருக்கு. வலது பக்கக் கண்ணாடி இருக்கிறது, மெதுவாக வந்தால் போதும் என்றாள். வீட்டில் அன்று இரவு என்ன நடக்குமோ என்று நான் கணக்குப் போட்டேன். அவள் போடவில்லை. சாவிக்குக் கை நீட்டியபடி நின்றாள். அவர் கொடுத்தார்.

குவாரி வளைவு வந்ததும் அவள் திரும்பிப் பார்க்காமல் என்னை நோக்கி விரலைக் காட்டினாள். நில்லுங்கள் என்று அர்த்தம். பெற்ற மகள்.

வண்டியை லாரி எட்டாத இடத்தில் உள்ளே தள்ளிவிட்டு அதே பாறை மேல் ஏறி நின்றேன். ஒவ்வொருவராகக் கை காட்டி அனுப்பினேன். எல்லோரும் போன பிறகு சாலை காலியானது. சம்பந்தியைக் காணோம். லாரிகள் வந்தன. ஒவ்வொன்று போகும்போதும் பாறை அதிர்ந்தது. என் பெண் இங்கேதானே இவ்வளவு நேரம் நின்றாள் என்று தோன்ற, ஆறிக்கொண்டிருந்த கோபம் எண்ணெய் ஊற்றிய மாதிரி மறுபடி எழுந்தது. கிளம்பிப் போய்விட்டால் என்ன? வழி தெரியாமல் குவாரிக்குள் போகட்டுமே. வெடி வைத்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கால் பாறையிலிருந்து இறங்கக்கூடப் பார்த்தது. இறங்கவில்லை. அவள் நின்ற இடத்தில் நான் நிற்காமல் போனால் வீட்டுக்குப் போய் எந்த மூஞ்சியைக் காட்டுவது?

கடைசியில் வளைவுக்குள் வெளுத்த ஆரஞ்சு ஒன்று தெரிந்தது. பேக்கரிக்காரரின் சக்கரம் மறுபடி இறங்கிவிட்டதாம். அவரை முன்னால் விட்டு, காற்று இறங்கும்போதெல்லாம் நின்று நின்று அடித்து அழைத்து வந்திருக்கிறார் சம்பந்தி. முகமெல்லாம் தூசி. மீசையில் ஜல்லிக்கடையே வைக்கலாம். பேக்கரிக்காரருக்கு நான் கை காட்டினேன், அவர் போனார். சம்பந்தி பாறைக்குக் கீழே வந்து ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினார். அண்ணாந்து என்னைப் பார்த்தார். அப்புறம் நான் நின்ற பாறையைப் பார்த்தார். அப்புறம் ஓரத்தின் அகலத்தைப் பார்த்தார். அதை அப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

“பின்னாடி யாரும் இல்ல சம்பந்தி” என்றார். “நான்தான் கடைசி.”

பிறந்தது முதல் அந்த வார்த்தை அவர் வாயில் வந்திருக்காது. நல்ல மனிதனாக இருந்தால் நான் அந்த இடத்திலேயே உருகியிருக்க வேண்டும். எனக்கு இன்னும் கோபம் மிச்சமிருந்தது. காதில் கை வைத்துக்கொண்டு கீழே குனிந்தேன்.

“லாரி சத்தத்துல கேக்கல சம்பந்தி. இன்னொரு தடவ சொல்லுங்க.”

லாரி எதுவும் வரவில்லை. அவருக்கும் அது தெரியும். இன்னொரு தடவை சொன்னார்.