மேனேஜரின் கொள்முதல்

செத்த எலியைக் கொண்டுவந்து என் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மேனேஜர் உட்கார்ந்தான். உட்கார்ந்த விதத்தில் குறை சொல்ல முடியாது. முதுகு நேராக, பார்வை என் மேல், வால் தரையைப் பெருக்கிக்கொண்டு. எலியிடம்தான் குறை. பாதிதான் இருந்தது. இருந்த பாதியிலும் ஏதோ நெளிந்தது. தட்டை மூடினேன். அன்றைக்கு அதைத் திறக்கவே இல்லை.

மேனேஜர் எங்கள் நாய். காலையில் தூங்கி, மதியம் சாப்பிட்டு, மாலையில் எல்லாரையும் முறைப்பதால் அந்தப் பெயர். நான் வேலை பார்ப்பது கழிப்பறைப் பீங்கான் விற்கும் கடையில். அருவருப்பு எனக்குப் பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். கடையில் இருப்பதெல்லாம் புதுசு என்பதை மறந்துவிட்டேன்.

ஆரம்பம் நல்லபடியாகத்தான் இருந்தது. நாய்களைப் பழக்குவது என் கொழுந்தியாளின் தொழில். "தெருவுல எதையாவது கவ்வினா துரத்தாதீங்க அத்தான். வாயிலேர்ந்து பிடுங்காதீங்க. அதவிட ருசியா ஒண்ணு காட்டுங்க, தானா கீழ போடும்," என்றாள்.

மேனேஜரும் போட்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். சும்மா இருக்கத் தெரியாத என் மூளை ஒரு திருத்தம் செய்தது. பொருள் எவ்வளவு மோசமோ கூலி அவ்வளவு அதிகம். காகிதத்துக்கு பிஸ்கட் தூள், எலும்புக்குக் கோழித்துண்டு, எலிக்கு முழு ஈரல். கடைப் பையன்களுக்கு ஆண்டுக்கணக்கில் புரியாத விலை விவரம் மேனேஜருக்கு உடனே புரிந்துவிட்டது. தெருவில் தேடித் தேடி எடுக்க ஆரம்பித்தான்.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்கு நாற்றம் எட்டியது. "ஞாயித்துக்கிழம வந்து பாப்பேன். வீடு நாறிச்சுன்னா நாய் இங்க இருக்கக் கூடாது," என்றார், வாயைக் கையால் மறைத்தபடி. மறைத்தது நாற்றத்துக்காக மட்டுமல்ல. காகிதத்தில் சுற்றி வைத்திருந்த அவருடைய பல்செட்டை அவர் மனைவி குப்பையோடு குப்பையாகக் கொட்டிவிட்டதாகக் கீழே பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது.

"நாய அனுப்பணும்னா, உங்க சட்டையையும் சேத்துத்தான் பெட்டியில அடுக்குவேன்," என்றாள் என் மனைவி.

கொழுந்தியாளைக் கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அதும் மேல தப்பில்ல அத்தான். நீங்க கடை திறந்து வச்சிருக்கீங்க, அது சரக்கு கொண்டு வருது."

"கடைய எப்படி மூடுறது?"

"எதக் கொண்டு வந்தாலும் பாக்காதீங்க, கத்தாதீங்க, மூஞ்சியக்கூட சுளிக்காதீங்க. அது நகந்ததும் எடுத்துப் போட்டுருங்க. வெறும் வாயோட வந்து நின்னா மட்டும் ஈரல் குடுங்க. ஆனா கூலி நின்னதும், சரக்கு போதலன்னு இன்னும் மோசமாத்தான் தேடும்."

"எலியவிட மோசமாவா?"

"உங்க தெருவப் பாத்தா, கிடைக்கும்னுதான் தோணுது."

ஞாயிறன்று, நாற்றம் போகட்டும் என்று கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்தோம். வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்து மூக்கை உயர்த்தி முகர்ந்தார். அந்த வேலையில் அவர் மேனேஜருக்கு இளைத்தவரில்லை. திறந்த கதவு வழியாக எப்போதோ வெளியே போயிருந்த மேனேஜர் அப்போதுதான் திரும்பி வந்தான். வாயில் ஏதோ குழந்தையின் டயாப்பர். ஊறிப் பருத்து ஓரமாகக் கசிந்தது. எங்களுக்கு நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"என்ன அது?"

"எது?" என்றேன், சுவரைப் பார்த்து. காலையில் குடித்த காப்பி தொண்டைவரை ஏறி இறங்கியது.

மேனேஜர் என்னையும் டயாப்பரையும் மாறி மாறிப் பார்த்தான். மறுபடி இறங்கிப் போனான்.

"நாளைக்கே நாய் போகணும்," என்றார் வீட்டுக்காரர். சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மேனேஜர் வந்தான். பூசணம் பிடித்த சோறு ஒட்டிய ஒரு காகிதப் பொட்டலத்தை என் காலடியில் வைத்தான். பொட்டலம் பிரிந்தது. உள்ளே இளித்தபடி ஒரு முழுப் பல்வரிசை. இடுக்கெல்லாம் எறும்பு, கொழகொழவென்று பச்சையாக ஏதோ.

வீட்டுக்காரர் எழுந்தார். "என்னுது," என்றார்.

எடுத்தார். எங்கள் குழாயில் காட்டினார். விரலால் ஒரு தேய்ப்பு, சோப்புகூட இல்லை. பிறகு என் கண்ணெதிரே அதை வாயில் போட்டு, நாக்கால் ஒரு தட்டுத் தட்டிப் பொருத்திக்கொண்டார்.

நான் கத்தவில்லை. மூஞ்சி சுளிக்கவில்லை. நாயைப் பழக்கப் போய், பழகியது நான்தான்.

"நாய் இருக்கட்டும்," என்றார், வாயிலிருந்து கையை எடுத்து, எல்லாப் பல்லும் தெரிய. "அதுக்கு ஏதாவது குடுங்க."

"இப்பக் குடுக்கக் கூடாது சார்."

அவர் என்னைக் கல்நெஞ்சக்காரனைப் போலப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

வாழ்நாளிலேயே பெரிய சரக்கைக் கொண்டுவந்தும் கூலி இல்லை. மேனேஜர் நெடுநேரம் யோசித்தான். பிறகு வெறும் வாயோடு வந்து என் முழங்காலில் தலையை வைத்தான். வீட்டில் இருந்த ஈரல் முழுவதையும் கொடுத்தேன். தின்று முடித்து என் முகத்தை நக்கினான். அந்த நாக்கு எங்கெல்லாம் போய் வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முகத்தைத் திருப்பவில்லை.

"என்ன, அது நக்க நக்க வாங்கிக்கிட்டே இருக்கீங்க?" என்றாள் மனைவி.

பயிற்சி என்று சொல்லிவிட்டேன்.