காத்து ஆபீசர்

ஐஸ் பெட்டியின் கால்மாட்டில், காற்று இழுக்கும் ஜாலித் தகட்டை மறைத்துக் குவிந்திருந்த மாலைகளைப் பிச்சைமுத்து இரண்டு கையாலும் வாரி அப்பால் போட்டார். மோட்டார் இரைந்துகொண்டிருந்தது, கண்ணாடியில் குளிர்ச்சி குறைந்திருந்தது. மகள் தமிழ்மொழி ஐதராபாத்திலிருந்து வந்து சேரும்வரை மனைவி குஞ்சம்மாளின் முகம் கெடாமல் இருக்க வேண்டும்.

"இன்னா மாமா, ஊரே மாலை போட்டுக்கினு இருக்குது, நீ வாரிப் போடற?" என்றான் மைத்துனன் மகன் கலையரசன்.

"ஜாலிய அடைச்சா பொட்டி எப்புடிடா காத்து இழுக்கும்? ஒங்கத்த இருந்தா இந்நேரம் ஒன்ன வுட்டிருப்பாளா?"

சொல்லிவிட்டு ஜாலியில் ஒட்டியிருந்த பூவிதழ்களைத் துடைத்தார்.

அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு மாடி கட்டும் வேலை. புருஷன் பெண்டாட்டி இருவரும் அங்கேதான் மண் சுமந்தார்கள். கீழே குழந்தைகள் வார்டுக்குக் காற்று இழுக்கும் ஜாலியை மறைத்து சிமெண்ட் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். அந்தப் பக்கம் போன குஞ்சம்மாளின் முந்தானை மூட்டைச் சந்துக்குள் இழுபட்டது. நின்று பார்த்தாள். தலைச்சட்டியைப் பொத்தென்று கீழே போட்டாள்.

"யோவ் மேஸ்திரி! உள்ள பச்சப்புள்ளைங்க மூச்சு வுட வாணாமா? ஒம் மூக்குல சாக்கத் திணிச்சா சும்மா இருப்பியா?"

வேலை போய்விடப் போகிறதே என்று பிச்சைமுத்து கண்ணைக் காட்டினார். அவளா அசைவாள்! மூட்டைகள் நகரும்வரை சட்டியைத் தொடவில்லை. அதன்பிறகு எந்தச் சரக்கு வந்து இறங்கினாலும் முதலில் ஜாலிப் பக்கம்தான் ஓடுவாள். தார்ப்பாய் பறந்து மூடினால் இழுத்துக் கட்டுவாள், படிந்த தூசியைத் துடைப்பாள். மேஸ்திரி தனசேகரன் 'காத்து ஆபீசர்' என்று பேர் வைத்தார். கேலியாகத்தான் ஆரம்பித்தது. போகப்போக லாரிக்காரர்கள்கூட அவளைக் கேட்டுவிட்டுத்தான் மணலைக் கொட்டினார்கள். அவளுக்குப் புருஷன் என்று சொல்லிக்கொள்வதில் பிச்சைமுத்துவுக்குத் தனிப் பெருமை.

அந்தத் தனசேகரனே இப்போது ஆளுயர மாலையோடு வந்தார். கால்மாட்டில் வைக்கக் குனிந்தவர் ஜாலியைப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்தார்.

"எங்கங்க வெக்கறது, ஆபீசரம்மா?"

பெட்டிக்குள் இருந்தவளைப் பார்த்துத்தான் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. பிச்சைமுத்து தலைமாட்டைக் கை காட்டினார்.

வெயில் தாழ்ந்தபோது தமிழ்மொழி ஓடிவந்து கண்ணாடிமேல் விழுந்தாள். உள்ளே அம்மாவின் முகம் அப்படியே இருந்தது, யாரையோ அதட்டப் போகிற மாதிரி.

பிச்சைமுத்து கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். தோள் துண்டின் நுனி மெல்ல ஜாலிப் பக்கம் இழுபட்டது. அதை எடுத்துச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்.