கழற்றிய சாமான்

எந்த மிஷினில் எதைக் கழற்றினாலும், கெட்டுப்போன அந்தப் பழைய சாமானை உரியவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் கூலி கேட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மோட்டார் வேலை பார்க்கிறவர்கள் இதை மீறுவதில்லை. வாங்கியவர் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒன்றும் புரியாது. ஆனாலும் மோந்து பார்த்துவிட்டு, "ஆமா, கருகித்தான் போச்சு" என்பார். பிறகு பணம் வந்துவிடும். பதினாறு வருடமாக நானும் அப்படித்தான் செய்து வந்தேன், மயில்சாமி அண்ணன் பண்ணையைத் தவிர.

மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே அவருக்கு நாலாயிரம் முட்டைக் கோழிகள். கார்த்திகையில் தண்ணீர் மோட்டார் பெட்டிக்குள் கான்டாக்டர் எரிந்துவிட்டது. மோட்டாருக்குக் கரண்டை விடுகிற சாமான் அது. அன்று அண்ணன் ஊரில் இல்லை. போனில் சொல்லிவிட்டுப் புதிது வாங்கி மாட்டினேன். பழையதைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவன், வழியில் பழைய இரும்புக் கடையைப் பார்த்ததும் நூற்று நாற்பது ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன். உள்ளே கிடக்கிற செம்புக்கு அந்த விலை. வண்டியில் பெட்ரோல் இல்லை, கையில் காசும் இல்லை, வேறு காரணம் எதுவும் கிடையாது. பெரிய குற்றமாக அப்போது தோன்றவில்லை.

அந்த வேலைக்கு அவர் ஐயாயிரத்து நானூறு தர வேண்டும். போய்க் கேட்டபோது அவர் முதலில் கேட்டது பழைய சாமானைத்தான். விற்றுவிட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "எங்கியோ கெடக்குதுங்ண்ணா, தேடி எடுத்துட்டு வாரேன்" என்றேன். அதோடு ஐந்து மாதம் ஓடிவிட்டது.

சித்திரை பிறந்து ஒரு வாரம். மகள் யாழினிக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டியிருந்தது. காலையில் பண்ணைக்குப் போய் நின்றேன்.

"சாமானக் கொண்டாந்தியா மோகனு?"

"அஞ்சு மாசமாச்சுங்ண்ணா. நான் பொய் சொல்றவனுங்களா?"

"நீ புதுசு மாத்துனியா, பழசையே தொடச்சு மாட்டுனியான்னு எனக்கு எப்புடித் தெரியும்? கழட்டுனதக் காட்டு, காச வாங்கிக்க."

ராசிபுரத்தில் ஒரு துக்கத்துக்குப் போக வேண்டும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உழைத்த காசைக் கேட்க வந்தவனைத் திருடனை நிறுத்துகிற மாதிரி நிறுத்திக் கேட்டுவிட்டுப் போகிறாரே! இப்போது யோசித்தால், நூற்று நாற்பது ரூபாய்க்கு நான் திருடன்தான். அதனால்தான் அத்தனை கோபம் வந்தது.

மோட்டார் அறைக்குப் போய், மெயினை இறக்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். மோட்டாருக்கு வருகிற மூன்று பேஸ் கரண்டுக்கும் மூன்று பியூஸ் கட்டைகள். நடுக்கட்டையை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியை மூடி மெயினைப் பழையபடி ஏற்றினேன். கூலி வராத இடத்தில் இப்படிச் செய்கிற ஆட்கள் உண்டு. மோட்டார் ஓடாது. அரைமணியில் போன் வரும். பணம் வந்ததும் கட்டையும் போய்ச் சேரும். இதுவரை நான் செய்ததில்லை. அன்று செய்தேன். யாரிடமும் சொல்லாமல் வெண்ணந்தூரில் ஒரு தறிக்கொட்டாய்க்கு வேலைக்குப் போய்விட்டேன்.

பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது. தெரியாத நம்பர். அண்ணன்தான் வேறு யார் போனிலிருந்தோ கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் தவிக்கட்டுமே. மறுபடி அடித்தது. அதற்கப்புறமும் அடித்தது. சத்தத்தை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். இலையில் இரண்டாம் முறை குழம்பு வாங்கியதுகூட நினைவிருக்கிறது.

மூன்று மணிக்கு எடுத்துப் பார்த்தால் பதினோரு அழைப்புகள். அண்ணன் இறங்கி வந்துவிட்டார் என்று தெம்பாகத் திருப்பிக் கூப்பிட்டேன். எடுத்தது அவர் மனைவி சென்னியம்மாள் அக்கா.

"தம்பி, காலைல இருந்து மஞ்ச லைட்டு எரியலீங்க. தொட்டித் தண்ணி தீந்துபோச்சு. ஒரு பேஸு வரலையாட்ட இருக்குதுன்னு காத்துக்கிட்டே இருந்தனுங்க. அவரு போன எடுக்க மாட்டேங்கறாரு. பெட்டியத் தொறந்து பாக்கலாமான்னு கேக்கத்தான் உங்களக் கூப்புட்டேன். நீங்க சொன்னாப்பல இன்னும் தொறக்கலீங்க. கோழியெல்லாம் சுருண்டு உழுகுது சாமி."

நான் சொன்னதுதான். கான்டாக்டர் மாற்றிய அன்று அக்காவை நிறுத்தி வைத்துப் பாடம் எடுத்திருந்தேன். பெட்டி மேல் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று லைட். ஒன்று எரியவில்லை என்றால் ஒரு பேஸ் கரண்ட் வரவில்லை, வரும்வரை பேசாமல் இருங்கள், என்ன ஆனாலும் பெட்டியை மட்டும் தொடாதீர்கள். பெரிய வாத்தியார் மாதிரி சொன்னேன். நான் உருவியது மஞ்சள் லைட்டுக்கு உரிய கட்டை. உருவும்போது இந்த யோசனை எனக்கு வரவேயில்லை. சத்தியமாக வரவில்லை.

வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. காற்று முகத்தில் அனலாக அடித்தது. சித்திரை வெயிலில் மத்தியானம் கோழிக்கு மேலே தண்ணீர் தெளிக்காமல், குடிக்கவும் இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கொட்டகையில் சத்தமே இல்லை. நாலாயிரம் கோழி இருக்கிற இடத்தில் பேசினால் காது கேட்காது. அன்று கோழிகள் வாயைத் திறந்து, சிறகை விரித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. கூண்டுக்குக் கூண்டு ஒன்றிரண்டு தலை தொங்கிக் கிடந்தன. அக்காவும் வேலைக்கு இருக்கிற குப்பாயியும் பக்கத்துத் தோட்டத்திலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கையால் வாரி இறைத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது.

பையிலிருந்த கட்டையைச் செருகினேன். அரை நிமிட வேலை. மஞ்சள் லைட் எரிந்தது, மோட்டார் எடுத்தது, சற்று நேரத்தில் மேலே குழாய்களில் தண்ணீர் புகையாக இறங்கியது. அக்கா கைகூப்பிவிட்டார்.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க சாமி. இல்லீன்னா ஒண்ணு மிஞ்சாது. என்ன போயிருந்துச்சுங்க?"

"பியூஸுங்க்கா."

"கூலி எவ்வளவுங்க? பழைய பாக்கிய அவருகிட்டப் பேசிக்கங்க. இத நான் குடுத்தர்றேன்." முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே இன்னொரு கையை என்னிடம் நீட்டினார். "அந்தக் கெட்டுப்போன சாமானக் குடுத்துட்டுப் போங்க. அவரு வந்தா மொதல்ல அதத்தான் கேப்பாரு."

நீட்டிய கை அப்படியே இருந்தது. கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன், என்னத்துக்கு என்று தெரியவில்லை.

"எதும் கெடலீங்க்கா. காலைல நான்தான் உருவிக்கிட்டுப் போனேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். முடிச்சைத் திரும்பப் போட்டுக்கொண்டார். கீழே கிடந்த குடத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டார்.

ஓடிவிடலாம் என்று ஒரு முறை தோன்றியது. ஓடவில்லை. ஐந்து மணிக்கு மயில்சாமி அண்ணன் வந்தார். வண்டியை நிறுத்தும் முன்பே எதிரே போய் எல்லாவற்றையும் சொன்னேன், கட்டையை உருவியதையும், பழைய கான்டாக்டரை இரும்புக் கடையில் போட்டதையும்.

அடிப்பார் என்று நினைத்தேன். வண்டியைப் பிடித்தபடி நின்றார்.

"வித்துப்போட்டேன்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா, அன்னைக்கே காசக் குடுத்திருப்பேனே மோகனு."

அவ்வளவுதான். கொட்டகையைச் சுற்றி வந்தார். அறைக்குள் போய்ப் பணத்தோடு திரும்பி வந்தார்.

"இது நீ செஞ்ச வேலைக்கு. செத்த கோழிக்குன்னு இதுல ஒண்ணும் புடிக்கல."

"வேண்டாங்ண்ணா. என் மூஞ்சில துப்புங்க, இது வேண்டாங்க."

"எண்ணிக்க. நாளைக்குக் கொறையுதுன்னு நீ இந்தப் பக்கம் வரக் கூடாது."

எண்ணினேன். கொட்டகை ஓரத்தில் குப்பாயி செத்த கோழிகளைக் கூண்டிலிருந்து எடுத்து, உரக்க எண்ணி வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் எண்ணிக்கை காதில் விழ விழ என் எண்ணிக்கை தப்பியது. முதலிலிருந்து எண்ணினேன். மறுபடி தப்பியது. மூன்றாவது முறைதான் ஐயாயிரத்து நானூறு சரியாக வந்தது. அதற்குள் குப்பாயி முந்நூற்றைத் தாண்டியிருந்தாள்.