பச்சைப் புள்ளிகள் குடியிருக்கும் பக்கம்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடுநிலை இல்லை என்று என்மேல் பாயாதீர்கள். நான் அமெரிக்காவின் பிரிஸ்டல் நகரத்துக்கு வந்து, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியும் ஆயிற்று. இங்கே கடைத்தெருவின் நடுக்கோடுதான் மாநில எல்லை. பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள். வடக்கு நடைபாதை வர்ஜீனியா, தெற்கு நடைபாதை டென்னசி. டென்னசியில் சம்பளத்துக்கு வரி கிடையாது. வர்ஜீனியாவில் கடைச் சாமானுக்கு வரி குறைவு. ஆகவே விவரமானவர்கள் தெற்கே குடியிருந்துகொண்டு வடக்கே போய்ச் சாமான் வாங்குவார்கள்.

(இதை நினைவில் வையுங்கள். பின்னால் இதுதான் காலை வாரப்போகிறது.)

2

முதல் தொடக்கம்: "ஹாட்டி ப்ளெவின்ஸுக்குச் சிறுவயது முதலே பாறைக்கு அடியில் ஓடும் தண்ணீர்மீது ஒரு தீராத—"

வேண்டாம். மேதைக் குழந்தைக் கதையாகிவிடும். ஹாட்டி மேதை இல்லை. பதினேழு வயது, நன்றாகப் படிப்பாள், நகம் கடிப்பாள். ஊருக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்புக் குகைகளில் கோடைதோறும் சுற்றுலாக்காரர்களுக்கு வழிகாட்டுவாள். "இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?" என்று எவனாவது கேட்பான். யாருக்கும் தெரியாது என்று பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது. அதைக் கண்டுபிடிக்கும் படிப்பு வர்ஜீனியாவின் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. வேறெங்கும் போக அவளுக்கு மனமில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தை இந்தக் கதைக்காக நானே கட்டினேன். வரைபடத்தில் தேடாதீர்கள்.

ஹாட்டியின் வீடு டென்னசியில். மாடி ஜன்னலைத் திறந்தால் வர்ஜீனியா தெரியும்.

3

இரண்டாம் தொடக்கம், இதையே வைத்துக்கொள்கிறேன். பள்ளியின் மேற்படிப்பு ஆலோசகர் திருமதி ராஸ்நேக்கின் அறை. திரையில் ஒரு வரைபடம். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்த பழைய மாணவர்கள் ஒவ்வொருவரும் அவரவர் மதிப்பெண்ணுக்கேற்ற இடத்தில் ஒரு குறி. இடம் கிடைத்தவர் பச்சைப் புள்ளி, கிடைக்காதவர் சிவப்புப் பெருக்கல். ஹாட்டி நீலம்.

"பாத்தியா, பச்சைக் காட்டுக்கு நடுவுல ஜம்முனு உக்காந்திருக்க. இத 'கிடைச்சிடும்' வரிசையில போட்டுக்கறேன்," என்றார் ராஸ்நேக்.

ஹாட்டி நகத்தைக் கடித்தாள். "மிஸ், இந்த ஓரத்துப் பச்சை கோல்பிதானே? ட்ரம்ஸ் வாசிப்பானே?"

"பேரெல்லாம் சொல்லக் கூடாதும்மா."

"அவனேதான். அவனுக்கு என்னைவிட மார்க் கம்மி. விவாகரத்து ஆனதும் அவங்கப்பா வடக்க போயிட்டாருல்ல? இது மெக்கென்னா. அவ அம்மாவும் அந்தப் பக்கம். இது ரெண்டும் அந்த ரெட்டைப் பசங்க. அவங்கப்பாவும்..."

"ஹாட்டி."

"இந்தச் சிவப்பு டேலியா அக்கா, எங்க தெருக்கோடி வீடு. என்னைவிட மார்க் அதிகம். அவங்க அப்பாவும் அம்மாவும் ஒண்ணாத்தான் இருக்காங்க."

ராஸ்நேக் கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனை வருஷமா இதையே காட்டிக்கிட்டிருக்கேன். எங்க வீடு வடக்க. வேலைக்குத் தினமும் கோட்டைத் தாண்டித்தான் வர்றேன். கோடு இருக்கறதே மறந்துபோச்சு கண்ணு."

பச்சைப் புள்ளிகள் எல்லாம் வர்ஜீனியாவில் ஓர் அப்பனோ ஆத்தாளோ உள்ள பிள்ளைகள். உள்மாநிலத்தவர், அரசுப் பல்கலைக்கழகத்தில் அவர்களுக்குத்தான் முன்னுரிமை. நீலப் புள்ளி வெளியூர்க்காரி. கடைத்தெருவைத் தாண்டினால் வெளியூர்.

[ஓர் இடைச்செருகல். கதைக்கு இது தேவையில்லை, எனக்குத் தேவை. வர்ஜீனியாக்காரன் வரி கட்டினான், அவன் பிள்ளைக்கு முதல் பந்தி. அதில் எனக்குச் சண்டை இல்லை. பந்தியில் இடம் இல்லை என்று தெரிந்தே ஊரெல்லாம் பத்திரிகை வைப்பானேன்? "ஹாட்டி, உன்னைப் போன்றவரைத்தான் தேடுகிறோம்" என்று வாரம் ஒரு பளபளப்பு அட்டை அவள் வீட்டுக்கு வருகிறது. எத்தனை பேரை வாசலோடு திருப்பி அனுப்பினோம் என்பதுதான் இந்த விருந்தின் கௌரவம் என்றால், அந்த விருந்தில் மண்ணைப் போட. விளம்பரத்தில் போடுவதோ, நூற்றுக்கு எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று எல்லோரையும் கூட்டிக் கழித்த ஒற்றைச் சதவீதம். உள்ளூர்க்காரருக்கு எவ்வளவு, வெளியாருக்கு எவ்வளவு என்பது தோண்டினால்தான் கிடைக்கும். சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பார்கள். இங்கே சட்டி நிறைய இருக்கிறது, சிலருக்கு மட்டும் அகப்பையைக் கவிழ்த்துப் பிடிக்கிறார்கள்.]

4

இரவுச் சாப்பாடு. பீன்ஸும் சோளரொட்டியும். ஹாட்டி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அம்மா டெனிஸ், அப்பா ராய்ஸ், வடக்கே குடியிருக்கும் தாய்மாமன் டுவைட் மூவரும் கேட்டார்கள்.

"என் விலாசத்தப் போட்டுடு," என்றார் டுவைட். "எங்க வீட்டு ஃப்ரிட்ஜக் காலி பண்றவ எங்க வீட்டுப் பொண்ணுதான்."

"உன் விலாசம் செல்லாது மாமா. அப்பா, அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர் அங்க இருக்கணும். அதுவும் ஒரு வருஷமா இருந்திருக்கணும்."

ராய்ஸ் சிரித்தார். "அப்ப நானும் உங்கம்மாவும் போன வருஷமே அடிச்சுக்கிட்டுப் பிரிஞ்சிருக்கணும்னு சொல்லு."

"ஆமா," என்றாள் ஹாட்டி. "பிரிஞ்சிருந்தா எனக்குக் கிடைச்சிருக்கும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு அது காதில் விழுந்தது. திரும்ப வாங்கிக்கொள்ள நினைத்தாள், ஆனால் அது பொய்யில்லையே. நேர்மையாகப் படித்த பெண்ணின் வாயில் இப்படி ஒரு வாக்கியத்தை வைத்தவர்கள்மீது எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அவர்களில் நானும் ஒருவன்தான், எழுதியவன் நானாயிற்றே.

டெனிஸ் கரண்டியை வைத்தார். "நீ பொறந்தப்ப வடக்கதான்டி இருந்தோம். வரி மிச்சமாகுமேன்னு நான்தான் உங்கப்பாவ இந்தப் பக்கம் இழுத்துக்கிட்டு வந்தேன். உன் படிப்புக்குன்னு சேத்தேன்."

பிறகு டெனிஸே சொன்னார்: "ஒரு வருஷமா நான் டுவைட் வீட்ல இருக்கேன்னு எழுது. நாங்க பிரிஞ்சுட்டோம்னு எழுது. நான் கையெழுத்துப் போடறேன்."

"கண்டுபிடிச்சா சீட்டே போயிடும்மா."

"இப்ப மட்டும் கையில இருக்கா?"

ராய்ஸ் எழுந்துபோய்த் தன் தட்டைக் கழுவினார். கழுவிய தட்டையே திரும்பவும் கழுவினார்.

5

முடிவுகள் மூன்று எழுதினேன்.

அ. உண்மையை எழுதுகிறாள், இடம் கிடைக்கிறது. படித்துப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது. ஒருத்திக்கு அடித்த யோகத்தைக் காட்டி எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது என்று அவர்கள் அடுத்த அட்டையில் அச்சடிப்பார்கள். அடித்துவிட்டேன்.

ஆ. உண்மையை எழுதுகிறாள், கிடைக்கவில்லை. நீங்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவீர்கள். அந்த உச்சு எனக்கு வேண்டாம்.

இ. பொய்யை எழுதுகிறாள். டெனிஸ் கையெழுத்திடுகிறார். அன்றிரவு ராய்ஸ் படுக்கப் போகும்போது—

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு வரவில்லை. ஒரு பல்கலைக்கழகத்தை ஏமாற்ற எனக்குத் தயக்கமே கிடையாது. ஆனால் தன் மனைவி தன்னை விட்டுப் போய்விட்டாள் என்று எழுதிய காகிதம் இருக்கும் வீட்டில் அந்த மனிதரை எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவைப்பது?

ஆகவே கதை நின்றிருக்கும் இடம் இதுதான். விண்ணப்பத்தின் கடைசி நாள், சாயங்காலம். ஹாட்டி கணினிக்கு முன்னால். டெனிஸ் அவள் பின்னால், நாற்காலியைப் பிடித்தபடி. திரையில் ஒரு கேள்வி: பெற்றோர் சேர்ந்து வாழ்கிறார்களா, பிரிந்து வாழ்கிறார்களா? இரண்டு வட்டங்களும் காலியாக இருக்கின்றன. அடுக்களையிலிருந்து ராய்ஸ் கூப்பிடுகிறார், "டெனிஸ், ரொட்டி ஆறிப்போவுது, வாயேன்."

நான் கையை எடுத்துவிட்டேன். இனி அழுத்த வேண்டியவர் நீங்கள். எதை அழுத்துவதானாலும் சரி, முதலில் அதை அடுக்களைக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்துவிட்டு அழுத்துங்கள்.