கட்டியின் சொந்த ஊர்

கோமதிநாயகத்தின் கல்லீரலில் குடியேறியிருந்த கட்டி தன் சொந்த ஊரைச் சொல்ல மறுத்துவிட்டது. ஊர் தெரியாமல் மருந்து எழுதக்கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. அதனால் செவ்வாய்க்கிழமை காலை, புருஷனையும் கட்டியையும் கூட்டிக்கொண்டு செண்பகவல்லி பூர்வீக விசாரணை அறைக்குப் போனாள். கையில் இட்லிப் பானை. வரும்போது எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள்.

விசாரணை அலுவலர் எஸ்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “எந்த ஊருப்பா நீ?” என்றார்.

“பொறந்தது வளந்தது எல்லாம் கல்லீரல்தான் மேடம்,” என்றது கட்டி. அச்சு அசல் கல்லீரல்காரர்களின் பேச்சு.

செண்பகவல்லிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் புருஷனின் பெருங்குடலில் ஒரு சாண் வெட்டி எடுத்தார்களே, அப்போது இதே மூஞ்சியை அவள் பார்த்திருக்கிறாள். “வாய் கூசாம பொய் சொல்லுது மேடம்,” என்றாள்.

“பொய் இல்லம்மா. அதுக்கு நெசமாவே தெரியாது.”

எஸ்தர் கட்டியின் சட்டைப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். கோமதிநாயகத்தின் உடம்பில் குடியிருக்கிற எல்லோரிடமும் இருக்கும் புத்தகம்தான். முடிக்காரர்களும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள், நகக்காரர்களும் அதைத்தான். அவரவர்க்கு வேண்டாத பக்கங்களை ஒட்டி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான் விஷயம். கருவில் இருக்கும்போது இடம்விட்டு இடம் நடந்துபோக ஒரு பக்கம் உண்டு. காரியம் முடிந்ததும் அதை ஒட்டிவிடுவது வழக்கம். இந்தக் கட்டி அந்தப் பசையைச் சுரண்டி எடுத்து, சொந்த ஊர்ப் பக்கத்தில் தடவியிருந்தது. நடக்க வந்துவிட்டது, ஊர் மறந்துவிட்டது.

“ஆவி காட்டினா பிரியும்,” என்றார் எஸ்தர். “பசையை வழிச்சு, நடக்குற பக்கத்துல திரும்ப ஒட்டிடுங்க. அப்புறம் எங்கயும் போகாது.”

மூலையில் அடுப்பு இருந்தது. செண்பகவல்லி பானையை ஏற்றினாள். புத்தகத்தை ஆவியில் பிடித்தாள். வேறு ஏதாவது பக்கம் பிரிந்து தொலைத்தால் இந்தக் கட்டி ஈரல் முழுக்கப் பெருகிவிடும், அப்புறம் மனுஷன் தங்கமாட்டார். அவளுக்கு அழுகையாக வந்தது.

“பாத்து. கையச் சுட்டுக்கிடாத,” என்றார் கோமதிநாயகம்.

பக்கம் பிரிந்தது. அவள் நகத்தால் பசையை வழித்து, நடக்கிற பக்கத்தில் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தினாள்.

கட்டி மேஜையில் இருந்த தண்ணீரை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தது. தண்ணீரை மிச்சம் வைக்காதது பெருங்குடல்காரர்களின் பழக்கம் என்று எஸ்தர் குறித்துக்கொண்டார். கட்டி எழுந்திருக்கப் பார்த்தது, கால் வரவில்லை. “ஊருக்குப் போகணும்,” என்று மூக்கால் அழுதது.

செண்பகவல்லிக்கு எரிச்சலாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. இதற்குப் போய் எதற்குப் பாவப்படுகிறோம் என்று குழப்பமாகவும் இருந்தது.

ஊர்க்காரர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் மருந்து எழுதிவிடலாம். எஸ்தர் அலமாரியைத் திறந்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அன்றைக்கு வெட்டி எடுத்த அந்த ஒரு சாண் ஊர் அதற்குள் இருந்தது. மூடியில் இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளே ஒரு கதவு திறந்தது. வேட்டியை மடித்துக் கட்டியிருந்த ஒருவர் வெளியே வந்து, கண்ணுக்குமேல் கைவைத்துக் கட்டியை உற்றுப் பார்த்தார்.

“எங்க பயதான்,” என்றார். லேபிளில் உள்பக்கமாகவே கையெழுத்தும் போட்டார். செண்பகவல்லிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கதவைச் சாத்தப் போனவர் திரும்பி, “ஆமா, இவன்கூட இன்னும் மூணு பேரு கெளம்புனானுவளே, அவனுவ எங்க?” என்று கேட்டார்.

எஸ்தர் இன்னும் மூன்று படிவங்களை எடுத்து வைத்தார். கோமதிநாயகம் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். செண்பகவல்லி பானையில் இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றினாள்.